நான் பாடினதை மட்டும் எழுது

வாங்க சார், வாங்க. பையை இப்படிக் கொடுங்க, பின் சீட்டுல வெச்சுடறேன். நீங்க முன்னாலயே உக்காருங்க, பேசிட்டே போலாம். யுனிவர்சிட்டி காரு, டிரைவரு எல்லாம் இருக்குதுங்க, நான்தான் வேண்டாம்னுட்டேன். மெட்ராஸ்லேருந்து ஒரு பேராசிரியர் நம்ம புள்ளையோட பிஎச்.டி. வைவாவுக்கு வர்றாரு, அவளோட கைடு நானே வந்து கூட்டிட்டுப் போறதுதான மரியாதை. பதினொரு மணிக்குத்தான் வைவா. நம்ம யுனிவர்சிட்டி கிணத்துக்கடவு தாண்டி ரெண்டு கிலோமீட்டர். மெதுவாப் போனாலும் ஒண்ணேகால் மணி நேரத்துல போயிரலாம். பெல்ட்டைப் போட்டுக்கங்க, இல்லைன்னா இந்தக் கார் கத்திட்டே வரும். அதுவும் தப்பான சுதியில கத்தும், எனக்கு ஆகாது.

உங்க ரிப்போர்ட்டைப் படிச்சேங்க. ரெண்டு தடவை படிச்சேன். "படைப்பாளி எடுத்த ஒவ்வொரு முடிவுக்கும் காரணம் என்னவென்று, அவர் மனசுக்குள் உட்கார்ந்து பார்த்தவர் போல ஆய்வாளர் விளக்குகிறார்"னு எழுதியிருந்தீங்க பாருங்க. என் வீட்டுக்காரிகிட்ட வாசிச்சுக் காட்டினேன். அந்தப் படைப்பாளி நான்தானுங்க. தீசிஸே என்னோட இசையைப் பத்தினதுதான, உங்களுக்குத் தெரியாததா. தலைப்பு நானே கொடுத்தது. வேற கைடுன்னா செத்துப்போன யாரையாவது எடுத்துக் கையில கொடுப்பான், புள்ளைங்க லைப்ரரி லைப்ரரியா அலையணும். உசுரோட இருக்கற கம்போசர், அதுவும் பக்கத்து ரூம்லயே இருக்கறவரு. எவ்வளவு சௌகரியம் பாருங்க. சந்தேகம்னா கதவைத் தட்டிக் கேட்டுக்கலாம். ஆனா பதினொரு வருஷத்துல ஹெப்சிபா ஒரு தடவை கூட வந்து, 'சார், இந்த இடத்துல ஏன் இப்படிப் பண்ணுனீங்க'ன்னு கேட்டதில்லைங்க. அவளுக்குத் தானாவே தெரிஞ்சுருது. கூடவே இருந்தா அப்படித்தான் ஒட்டிக்கும்போல.

ஆமாங்க, பதினொரு வருஷம். என்ன பண்றது, சில புள்ளைங்க மெதுவாத்தான் பழுக்கும்.

அவ வந்து சேர்ந்தப்ப இருபத்தேழு வயசு. கோத்தகிரிக்காரி. அப்பா அங்க சர்ச்சுல ஆர்கன் வாசிக்கறவரு. அதனால இந்த ஸ்டாஃப் நோட்டேஷன், அஞ்சு கோட்டுல புள்ளி வெச்சு எழுதறது இருக்குதுல்லைங்களா, அது அவளுக்குக் கடுதாசி எழுதற மாதிரி. நம்மாளுங்க நாலு பேர் வெளியில பேசிக்கறாங்க, 'சென்னியப்பனுக்கு நோட்டேஷன் எழுத வராது'ன்னு. வராம என்னங்க. நேரம் இல்லை. டிபார்ட்மெண்ட் ஹெட்டு, செனட்டு, இன்ஸ்பெக்சன் கமிட்டி, இதுக்கு நடுவுல உக்காந்து புள்ளி வெச்சிட்டிருக்க முடியுமா?

என் முறையே வேறங்க. காலையில வாக்கிங் போறப்ப தோணும். வந்ததும் கூப்பிடுவேன், 'அம்மணி, நோட்டை எடு.' கண்ணை மூடிட்டுப் பாடுவேன், அவ எழுதுவா. அவ்வளவுதான். ரெண்டு நாள் கழிச்சு இருபது பேரு வாசிக்கற மாதிரி மேசையில வந்து நிக்கும். முதல் வயலினுக்குத் தனி, ரெண்டாவது வயலினுக்குத் தனி, வயோலா, செல்லோ. நான் பாடுனது ஒரே ஒரு வரிதான். ஆனா அதுக்குள்ள அத்தனையும் அடங்கியிருக்குதுங்க. அவ பிரிச்சு எழுதறா. துணி எடுத்துக் கொடுக்கறது நாம, தைக்கறது டெய்லர். சட்டை யாரோட சட்டைங்க?

குறை சொல்லக் கூடாது, உழைப்பாளி. ஒரு சமயம் டெல்லியில விழா, நாலு நாள்ல இருபது பேருக்கும் எழுதின ஸ்கோரை அனுப்பணும். அவ பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில கெடக்கறா. நான் என்ன பண்ணுவேன் சொல்லுங்க. நேரா ஆஸ்பத்திரிக்கே போயிட்டேன். வெறுங்கையோட போகலை, ஆப்பிளும் ஆரஞ்சும் வாங்கிட்டுத்தான் போனேன். பொண்ணு பொறந்து மூணாவது நாள். குழந்தையை அவ புருஷன் கையில கொடுத்துட்டு, ஒருக்களிச்சுப் படுத்தமேனிக்கே எழுதுனா. நர்ஸு வந்து என்னை வெளிய போகச் சொன்னா. ஹெப்சிபாதான், 'இருக்கட்டும் சிஸ்டர், இன்னும் பத்து நிமிஷம்'னா. அந்தப் பக்தியெல்லாம் இப்ப எங்க போச்சுன்னு தெரியலைங்க. அந்த விழாவுலதான் எனக்கு முதல் பொன்னாடை.

சித்தெ நிறுத்தட்டுங்களா? இங்க எளநி நல்லாருக்கும். பொள்ளாச்சி எளநி, ஈச்சனாரி தாண்டினாத்தான் கிடைக்கும். ஏப்பா, ரெண்டு வெட்டு. சாருக்கு வழுக்கையாப் பார்த்து வெட்டு. குடிங்க சார், வெயில் இப்பவே ஏறிடுச்சு.

எங்க விட்டேன்? ஆங், பக்தி. எல்லாம் கெட்டது அந்த மார்ட்டா அம்மாவாலதானுங்க. போலந்துக்காரி. இருபது பேர் வெச்சு ஒரு குழு நடத்தறா, தந்தி வாத்தியம் மட்டும். மூணு வருஷம் முன்னால நம்ம யுனிவர்சிட்டிக்கு வந்து என்னோட 'மலைப்பாதை'யை வாசிச்சாங்க. கைதட்டுன்னா அப்படியொரு கைதட்டு. முடிஞ்சு டீ குடிக்கறப்ப அந்தம்மா என்கிட்ட வந்து, 'நடுவுல ரெண்டாவது வயலின் தனியாப் பிரிஞ்சு போய் மறுபடி வந்து சேருதே, அந்த இடம் எப்படித் தோணுச்சு'ன்னு கேக்குது. எனக்கு எந்த இடம்னு சட்டுனு பிடிபடலைங்க. ஆயிரம் தோணும், எல்லாத்தையுமா ஞாபகம் வெச்சிருக்க முடியும்? நான் யோசிச்சிட்டிருக்கேன். பக்கத்துல பிஸ்கட் தட்டைப் புடிச்சிட்டு நின்ன ஹெப்சிபா, 'அது நான் எழுதினது மேடம்'ங்கறா.

துணைவேந்தர் நிக்கறாருங்க. ரெஜிஸ்ட்ரார் நிக்கறாரு. எனக்கு எப்படி இருந்திருக்கும்?

அங்க வெச்சு சிரிச்சேன். 'ஆமா, இவதான் என் எழுத்தரு'ன்னேன். மறுநாள் ரூமுக்குக் கூப்பிட்டேன். கதவைச் சாத்தச் சொன்னேன். 'அம்மணி, இனிமேல் நான் பாடினதை மட்டும் எழுது. உன் கைச்சரக்கு ஒண்ணும் சேர்க்க வேண்டாம். ஒரு புள்ளி கூடக் கூடாது, ஒரு புள்ளி குறையக் கூடாது. புரிஞ்சுதா?' தலையை ஆட்டுனா. 'எழுத்துல கொடு'ன்னேன். அதாவது, ஆய்வு மாணவியாகிய நான் என் வழிகாட்டியின் படைப்பில் எதையும் சேர்க்க மாட்டேன்னு ஒரு கடுதாசி. கொடுத்தா. ஃபைல்ல இருக்குதுங்க, வேணும்னா காட்டறேன்.

போன வருஷம் திருச்சியில ஒரு காலேஜ்ல இடம் வந்துச்சு அவளுக்கு. தீசிஸ் கொடுத்த ரசீது இருந்தாப் போதும்னாங்க போல. தீசிஸ் அஞ்சு வருஷத்துக்கு முன்னயே முடிஞ்சதுதான், பொய் சொல்லக் கூடாது. நான்தான் கையெழுத்துப் போடாம வெச்சிருந்தேன். அவ வந்து நிக்கறா, 'சார், வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்.' நான் சொன்னேன், 'பொன்விழா வருது அம்மணி, அது முடியட்டும்.' எங்க யுனிவர்சிட்டிக்கு அம்பதாவது வருஷம், அதுக்கு ஒரு பெரிய படைப்பு கேட்டிருந்தாங்க. 'நொய்யல்'. ஆத்தைப் பத்தி, இருபத்தினாலு நிமிஷம். அவ இல்லாம எப்படி முடியும்? வெள்ளிக்கிழமை போச்சு. வேற யாரையோ எடுத்துட்டாங்க. அழுகலைங்க அவ. அழுதிருந்தாக்கூட மனசு இறங்கியிருப்பேன். 'சரிங்க சார்'னு போயிட்டா. சில பொம்பளைங்களுக்கு அந்த அழுத்தம்.

'நொய்யல்' பாடுனப்ப எனக்கு நல்ல சளி. இருந்தாலும் விடலை. இந்தத் தடவை சந்தேகம் வேண்டாம்னு அவ ஃபோன்ல ரெக்கார்டு பண்ணிக்கிட்டா. நான்கூட சந்தோசப்பட்டேன், பரவாயில்லையே, புள்ளை கவனமா இருக்குதேன்னு. ஒரு மாசத்துல ஸ்கோர் வந்துச்சு. கட்டு கட்டா. புரட்டிப் பார்த்தேன். அழகா, அச்சு மாதிரி எழுதியிருந்தா. அதே மார்ட்டா அம்மாவோட குழுவுக்கு அனுப்பிட்டோம்.

பொன்விழா அன்னிக்கு ஆயிரத்தி எரநூறு பேர் உக்காந்திருக்காங்க. அமைச்சர் முன் வரிசையில. ஆரம்பிச்சாங்க. மொத ரெண்டு நிமிஷம் நல்லாத்தான் இருந்துச்சு. எல்லாரும் ஒட்டுக்கா ஒரே வரியை வாசிக்கறாங்க. ரெண்டாவது வயலினும் அதே, செல்லோவும் அதே. சரி, இப்பப் பிரியும், இப்பப் பிரியும்னு பார்த்தா பிரியவே இல்லை. அஞ்சாவது நிமிஷம் சுதி இறங்க ஆரம்பிச்சுது. இருபது பேரும் ஒண்ணா, கொஞ்சம் கொஞ்சமா கீழ போறாங்க. எனக்கு அன்னிக்குச் சளின்னு சொன்னேனில்லைங்களா. எட்டாவது நிமிஷம் செல்லோக்காரன் வில்லை வெச்சுத் தந்தியில ரெண்டு தடவை 'கர்ர்'னு இழுத்தான். ஜனங்க திரும்பித் திரும்பிப் பார்க்கறாங்க. அப்புறம் எல்லாரும் நிறுத்திட்டு, கையை மடியில வெச்சிட்டு, சும்மா உக்காந்திருக்காங்க. பதினோரு செகண்டு. துணைவேந்தர் முடிஞ்சுருச்சுன்னு எந்திரிச்சுக் கைதட்டிட்டாரு. அவர் தட்டவும் ஹாலே எந்திரிச்சுது. தட்டி முடிக்கறப்ப இவங்க மறுபடி ஆரம்பிக்கறாங்க. அமைச்சர் அப்பப் போனவர்தானுங்க, கார்ல ஏறிட்டாரு. அவர் பின்னாலயே ரெண்டு வரிசை போயிருச்சு. பின்னால பசங்க சிரிக்கறது மேடை வரைக்கும் கேக்குது. இன்னும் பதினஞ்சு நிமிஷம் பாக்கி இருக்குதுங்க. நான் வேட்டி சட்டையில, முன் வரிசையில, பொன்னாடையோட உக்காந்திருக்கேன்.

முடிஞ்சதும் மார்ட்டா அம்மா ஒருத்திதான் வந்து கையைக் குலுக்குச்சு. 'இது முழுக்க முழுக்க உங்களோடதுன்னு கேட்டதுமே தெரிஞ்சுது'ன்னுச்சு. வெளிநாட்டுக்காரங்க வெளிநாட்டுக்காரங்கதாங்க. அந்தக் கூட்டத்துல புரிஞ்சவ அவ ஒருத்திதான்.

மறுநாள் ஹெப்சிபாவைக் கூப்பிட்டேன். என்ன பண்ணுனான்னு நினைக்கறீங்க? ஸ்கோரை மேசையில விரிச்சா. ஃபோன்ல என் ரெக்கார்டிங்கைப் போட்டா. விரலை வெச்சு வரி வரியாக் காட்டறா. 'இங்க உங்களுக்கு மூச்சு வாங்குச்சு சார், அதான் சுதி கால்வாசி இறங்குது. இது இருமல். இங்க நிறுத்திட்டுத் தண்ணி குடிச்சீங்க, பதினோரு செகண்டு. சரியா இருக்குதுங்களா சார்?' குரலு ஒசரலைங்க. மரியாதை குறையலை. 'நீங்க பாடினதை மட்டும் எழுதச் சொன்னீங்க.'

எனக்கு ஆத்திரம் தாங்கலை. 'அப்ப இத்தனை வருஷம் எப்படி எழுதிட்டிருந்தே'ன்னு கேட்டேன். அவ ஃபோனை நிறுத்திட்டு, என் முகத்தையே பார்த்துட்டு நின்னா. நானும் அதுக்கு மேல கேக்கலைங்க. சில கேள்விய ஒரு அளவோட நிறுத்திக்கறதுதான் நல்லது.

அன்னிக்கு மத்தியானமே ரெஜிஸ்ட்ரார்கிட்ட மனுக் கொடுத்துட்டா, தீசிஸ் அஞ்சு வருஷமாக் கையெழுத்தாகாம இருக்குதுன்னு. அவர் கூப்பிட்டாரு. போட்டுட்டேன். போடாம? நான் என்ன கொடுமைக்காரனா?

இப்பத்தான் சார் நான் விசயத்துக்கு வர்றேன். கிணத்துக்கடவு வந்துருச்சு, சுருக்கமாச் சொல்லிடறேன்.

எனக்கு வர்ற வருஷம் ரிட்டையர்மெண்ட். டெல்லியில ஒரு அமைப்பு, பேரு வேண்டாம், புதுசா ஒரு படைப்பு கேட்டிருக்காங்க. பெரிசு, அம்பது பேர் வாசிக்கறது. அது நல்லபடியா அமைஞ்சா 'நொய்யல்' பட்ட அவமானம் ஒரே நாள்ல தொடைச்சுப் போயிரும். சரியா ஒரு வருஷம் இருக்குது. மத்த ரெண்டு ஸ்டூடண்டை வெச்சு எழுதிப் பார்த்தேங்க. ஒண்ணுத்துக்கும் காது இல்லை. நான் பாடுனது பாடுனபடியே வந்து நிக்குது. வெறும் எலும்பு. அவ எழுதினா மட்டும் ரத்தமும் சதையுமா வரும். ஏன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சுக்கவும் வேண்டாம்.

அவளுக்குப் பெங்களூர்ல வேலை ஆயிருச்சு. முப்பதாம் தேதிக்குள்ள பட்டம் வாங்கின சர்ட்டிபிகேட் காட்டணும். புருஷன் இரும்பு வார்க்கற பவுண்டரி வேலையை விட்டுட்டு முன்னாடியே அங்க போயிட்டான். புள்ளையை அங்கயே ஸ்கூல்ல சேர்த்தாச்சு. வீட்டைக் காலி பண்ணிட்டு இவ மட்டும் ஹாஸ்டல்ல கெடக்கறா. எவ்வளவு தைரியம் பாருங்க, வைவா முடியறதுக்கு முன்னாலயே. கைடு ஒருத்தன் இருக்கறான்ங்கற நினைப்பு வேண்டாமா?

ஃபெயில் பண்ணச் சொல்லலை சார். அய்யய்யோ, நான் அப்படிச் சொல்லுவனா. 'வாய்மொழித் தேர்வில் விளக்கம் திருப்தியாக இல்லை, மறுபடி ஆஜராகணும்'னு ஒரு வரி. ரூல்லயே இருக்குதுங்க. அது வரைக்கும் என் ஸ்காலர்தான அவ. எங்க போயிருவா? இந்தத் தடவை எழுதறதை ஒழுங்கா எழுதுவா. நானும் அந்தக் கடுதாசியைக் கிழிச்சுப் போட்டுடறேன், 'உன் இஷ்டத்துக்கு எழுது அம்மணி'ன்னு பெருந்தன்மையாச் சொல்லிடறேன். எனக்கு மனசுல ஒண்ணும் இல்லைங்க.

நல்லா எழுதியிருக்காளேங்கறீங்க. எழுதியிருக்கா, யாரு இல்லைன்னா? ரிப்போர்ட்டுல புகழ்ந்துட்டு வைவாவுல எப்படிக் குறை சொல்றதுன்னு யோசிக்கறீங்க. அதுக்கு வெசனப்படாதீங்க, அதை நான் யோசிச்சு வெச்சிருக்கேன்.

அப்புறம் சார், உங்ககிட்டப் படிக்கற பசங்க ரெண்டு பேரோட தீசிஸ் எனக்கு வந்திருக்குது, நான்தான் எக்ஸ்டர்னல் எக்ஸாமினர். எட்டு மாசமா என் மேசையிலயே இருக்குதுங்க, கை தொடலை. பொன்விழா வேலை, பாருங்க. அந்தப் பையன் ஒருத்தனுக்குக் கல்யாணம் நிச்சயமாயிருக்குதுன்னு ஃபோன்ல சொன்னீங்க. இந்த வாரமே அனுப்பிடறேன். நீங்களும் நானும் இன்னும் எத்தனை பேருக்கு ஒருத்தருக்கொருத்தர் கையெழுத்துப் போடணும்.

ஒரே ஒரு கேள்வி கேளுங்க போதும். 'மலைப்பாதை'யில அந்த ரெண்டாவது வயலின் பிரியற இடம் இருக்குதில்லைங்களா, அதுக்கு அவ பதினாலு பக்கம் எழுதியிருக்கா. ஏன் பிரியுது, ஏன் அந்த இடத்துல மறுபடி சேருது, படைப்பாளி மனசுல என்ன ஓடுச்சு, அத்தனையும். நீங்க சொன்னீங்களே, மனசுக்குள்ள உக்காந்து பார்த்த மாதிரி. அதைக் காட்டி, 'இது உங்களுக்கு எப்படித் தெரியும்? ஆதாரம் எங்கே? கம்போசரைப் பேட்டி எடுத்தீங்களா?'ன்னு கேளுங்க. எடுக்கலை. ஒரு நாளும் என்கிட்ட வந்து கேட்டதில்லைன்னு சொன்னேனே. புஸ்தகத்துலயும் கிடையாது. என்ன சொல்லுவா? ஒரே ஒரு பதில்தான் இருக்குது அவகிட்ட. அதைச் சொல்லட்டும் பார்க்கலாம். கடுதாசி ஃபைல்ல இருக்குது. துறையே உக்காந்திருக்கும். தன் இசையையே கைடு பேர்ல போட்டுத் தீசிஸ் எழுதினேன்னு எந்தப் புள்ளையாவது வைவாவுல எந்திரிச்சுச் சொல்லுமா? சொன்னா அந்தத் தீசிஸ் என்னத்துக்கு ஆகும்? வாயைத் திறக்க மாட்டா சார். பதினொரு வருஷமாப் பார்க்கறேன், தலையைக் குனிஞ்சுட்டு நிப்பா. நீங்க அந்த ஒரு வரியை எழுதிரலாம்.

என்னங்க? எத்தனை மாசம் கழிச்சு மறுபடி வரச் சொல்லிப் போடணும்னா? ஒரு வருஷம்னே போட்டுருங்க சார். ஆறு மாசம்னா முடியாது, அம்பது பேர் ஸ்கோர்.

இதோ, வந்தாச்சு, இதுதான் நம்ம ஆர்ச். அந்த வேப்பமரத்துக்கிட்ட நிக்கறாளே, நீலப் புடவை, அவதான். பக்கத்துல புருஷனும் புள்ளையும். காலைல ரயில்ல வந்திருப்பாங்க. புள்ளைக்குக்கூடப் புதுக் கவுனு போட்டுக் கூட்டிட்டு வந்திருக்காங்க பாருங்க. இறங்குங்க சார். பை நான் எடுத்துக்கறேன்.

வா அம்மணி. இவருதான் சார், வணக்கம் சொல்லு. அட, பாப்பா எவ்வளவு பெரிசாயிட்டா. உன்னை ஆஸ்பத்திரியில பார்த்தது கண்ணு, அப்ப இத்தனூண்டு. அம்மணி, பயப்படாத. வழி நெடுக உன்னைப் பத்தித்தான் பேசிட்டு வந்தோம். சார் உன்கிட்ட ஒரே ஒரு கேள்விதான் கேக்கப் போறாரு. தெரிஞ்சாச் சொல்லு. தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லிரு, அதுல ஒரு அசிங்கமும் இல்லை. நான் உனக்கு எதுத்தாப்பலயே உக்காந்திருப்பேன்.